கடையைக் கட்டும் நேரம்: ஒரு பலசரக்குக் கடையின் வரலாறு

தமிழில் "கடையைக் கட்டு" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்குப் பலகைகளை வரிசையாகச் செருகி, பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போவது ஒன்று. இனிமேல் திறக்கப் போவதில்லை என்று ஒரேயடியாக மூடுவது இன்னொன்று. முதல் வகையில் கட்டினால் மறுநாள் விடிவதற்குள் பால் பாக்கெட் வந்து வாசலில் இறங்கும். இரண்டாவது வகையில் கட்டினால்...? இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கிறது சாணார்பட்டி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்று வட்டாரத்தில் மாந்தோப்புகள், புளியமரங்கள், நடுநடுவே பனை. 1985 செப்டம்பர் 15 வரை இதெல்லாம் மதுரை மாவட்டம். அன்றுதான் திண்டுக்கல் தனி மாவட்டமானது. இந்த மாதிரி ஊர்களில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய பலசரக்குக் கடை இருக்கும். வயதான முதலாளி இருப்பார். "பையன் வெளியூர்ல வேலை பாக்குறான், அங்கேயே வந்துருங்கன்னு கூப்பிடுறான்" என்பார். அப்படி ஒரு முதலாளி கிளம்பத் தயாராகும்போது என்ன நடக்கிறது, அந்தக் கடை முதலில் எப்படி அங்கே வந்தது, ஏன் போகிறது என்று யோசித்தால் அதற்குள் தென் தமிழ்நாட்டின் இருநூறு வருட வரலாறு இருக்கிறது!

கடைக்குள் என்ன இருந்தது?

இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்குப் பழைய கடை பாதிதான் தெரியும். வாசலில் வாய் சுருட்டி வைத்த சாக்கு மூட்டைகள். அரிசி, துவரம்பருப்பு, வரமிளகாய். உள்ளே மரப்பெட்டிகள். கண்ணாடி ஜாடியில் கடலை மிட்டாய். மேலே தொங்கும் சணல் உருண்டையில் இருந்து நூலை இழுத்து, நியூஸ் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிப் பொட்டலம் கட்டும் வேகம் தனி வித்தை. ஒரு பக்கம் தராசு. மூலையில் கல்லாப்பெட்டி. அதற்கு மேல் சாமி படம், ஊதுபத்தி. சாமி படத்துக்குப் பக்கத்திலேயே "கடன் அன்பை முறிக்கும்" என்று ஒரு போர்டு. (அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் முதலாளி கடன் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார் என்பது வேறு விஷயம்.)

தராசு பற்றி ஒரு சுவாரஸ்யமான தகவல். 1950களில் ஒரு கடைக்காரர் இரண்டு கணக்கையும் சேர்த்து மறந்து, இரண்டு கணக்கையும் புதிதாகப் படிக்க வேண்டி வந்தது. அதுவரை 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1 முதல் 100 நயா பைசா ஒரு ரூபாய். ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை யார் தலையில் கட்டுவது?! எடையிலும் இதே கதை. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசை என்பது ஏறக்குறைய 1400 கிராம். முகத்தலுக்கு ஆழாக்கு, உழக்கு, உரி, படி. 8 ஆழாக்கு ஒரு படி. 1956-ல் புதிய எடை அளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் இருந்து நாட்டில் படிப்படியாகக் கிலோ நுழைந்தது. பெரிய படிப்பு இல்லாத கடைக்காரர்கள் மனக்கணக்கிலேயே இந்த இரண்டு மாற்றங்களையும் சமாளித்தார்கள். தன்னிடம் வரும் ஊர் ஜனங்களுக்கும் அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வகையில் கிராமத்தின் முதல் மெட்ரிக் வாத்தியார் பலசரக்குக் கடைக்காரர்தான்.

இந்தக் கடைகள் எங்கிருந்து வந்தன?

பலசரக்கு வியாபாரம் ஒரே சமூகத்தின் கையில் இருந்தது என்று சொன்னால் அது தவறு. செட்டியார்கள், ராவுத்தர்கள் என்று பலரும் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறார்கள். ஆனால் தென் மாவட்டங்களில் கடை என்ற அமைப்பே ஒரு சமூகத்தைத் தூக்கி நிறுத்திய கதை என்றால் அது நாடார்களின் கதைதான். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் இதைப் பற்றி 1969-ல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டிருக்கிறார்.

சாணார்பட்டி என்ற ஊர்ப் பெயரிலேயே அந்த வரலாற்றின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பனைத் தொழில் செய்த இந்தச் சமூகத்தை அரசு ஆவணங்கள் அந்தக் காலத்தில் "சாணார்" என்றுதான் எழுதின. அதை இழிவாக நினைத்த அவர்கள் "நாடார்" என்றே எழுத வேண்டும் என்று தொடர்ந்து கேட்டார்கள். 1921-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. ஆவணத்தில் பெயர் மாறி நூறு வருடம் தாண்டிவிட்டது. ஊர்ப் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் அப்படியே நிற்கிறது.

பனையில் இருந்து கடைக்கு எப்படி வந்தார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரர் போர்கள் முடிந்தன. சாலைகளில் ஓரளவு பயமில்லாமல் போய்வர முடிந்தது. திருநெல்வேலிச் சீமையில் இருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு, புகையிலை ஏற்றிக்கொண்டு வடக்கே வண்டிகள் கிளம்பின. போகும் ஊர்களில் இவர்களுக்குச் சொந்தபந்தம் கிடையாது. திருடர் பயம் வேறு. அதனால் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக இரவு தங்க, சுற்றுச்சுவர் வைத்த இடங்களை வழி நெடுக அமைத்தார்கள். அதற்குப் பெயர் பேட்டை. பேட்டையைச் சுற்றிக் கடைகள் வந்தன. கடைகளைச் சுற்றி வீடுகள் வந்தன. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்கள் இப்படித்தான் வியாபார ஊர்களாகப் பெயர் வாங்கின.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. மகமை! ஒவ்வொரு வியாபாரியும் தன் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுநிதிக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணத்தை நிர்வகிக்க உறவின்முறை என்ற அமைப்பு இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சில்லறைக் காசு. ஊர் முழுக்கச் சேர்ந்தால் பெரிய தொகை. அதில் கிணறு வெட்டினார்கள், சாவடி கட்டினார்கள், கோயில் கட்டினார்கள்.

கோயில் கட்டியதற்கு ஒரு கசப்பான காரணமும் உண்டு. ஊர்க் கோயில்களில் அவர்களை உள்ளே விடவில்லை. தேங்காயும் கற்பூரமும் கடையில் வாங்கிக்கொண்டு போகிறவர் கோயிலுக்குள் போகலாம், அதை விற்றவர் போகக் கூடாது! கமுதி கோயிலில் 1897-ல் நுழைந்ததற்காக நாடார்கள் மீது வழக்குப் போடப்பட்டது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. நடுவில் 1899-ல் சிவகாசி தாக்கப்பட்டு, வீடுகள் எரிந்து, உயிர்கள் போயின. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு 1939 ஜூலை 8-ல்தான் திறந்தது. வைத்தியநாத ஐயர் ஏற்பாட்டில் அன்று ஆலயப் பிரவேசம் செய்தவர்களில் தாழ்த்தப்பட்ட சமூகத்தினரோடு ஒரு நாடாரும் இருந்தார்.

ஆக, கடை என்பது அவர்களுக்கு வெறும் பிழைப்பு மட்டும் இல்லை. மரியாதை கிடைக்காத ஊரில் தலை நிமிர்ந்து உட்கார ஒரு இடம். கடைக்கு வரும் யாராக இருந்தாலும் கல்லாவுக்கு எதிரே நின்றுதான் கேட்க வேண்டும்.

கல்லாவில் இருந்து கரும்பலகைக்கு

மகமைப் பணத்தில் கிணறும் சாவடியும் கட்டினார்கள் என்று பார்த்தோம். அதே பணம் செய்த இன்னொரு காரியம்தான் இந்தக் கதையின் உயிர்நாடி. பள்ளிக்கூடம்!

விருதுநகரில் 1880களில் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. மகமைப் பணம் மட்டும் போதவில்லை என்பதால் பிடி அரிசி என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாகப் போட்டு வைக்க வேண்டும். அதைச் சேகரித்து விற்ற பணம் பள்ளிக்குப் போனது. கடைக்காரர் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு நாளும் கை நிறைய அரிசியால் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

1910-ல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. பிறகு படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தச் சங்கம் கடனாக உதவித்தொகை கொடுத்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. (1962-ல் பெயர் மாறி, தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று இன்றைக்கும் இருப்பது இதுதான்.) 1947-ல் விருதுநகரில் கல்லூரி வந்தது. 1965-ல் மதுரை நாகமலையில் சங்கத்தின் சார்பில் இன்னொரு கல்லூரி வந்தது.

திண்டுக்கல் மாவட்டத்துக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு இருக்கிறது. பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1893-ல் பிறந்தவர். நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம் இரண்டிலும் முக்கியமானவர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். சாதிப் பட்டங்களைப் பெயரில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. சென்னை தி.நகரில் "பாண்டி பஜார், பாண்டி பஜார்" என்று துணி வாங்கப் போகிறோமே, அந்தப் பாண்டி இவர்தான்! பாண்டிச்சேரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. விருதுநகரில் ஒரு தேங்காய் வியாபாரியின் மகன். அப்பா சின்ன வயதிலேயே இறந்துபோனார். க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்துக்கொண்டிருந்த பையன் படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்கு நின்றான். காமராஜர்தான் அந்தப் பையன். 1954-ல் முதலமைச்சரானார். மூடிய பள்ளிகளைத் திறந்தார், புதிய பள்ளிகளைக் கட்டினார், 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளியை விட்டுவிட்டுக் கடையில் நின்ற ஒருவர், கடையில் நிற்கும் பையன்களை எல்லாம் பள்ளிக்கு அனுப்பினார்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் ஒரு விஷயம் புரியும். பலசரக்குக் கடைகள் அழிவதற்கு சூப்பர் மார்க்கெட்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், கடையே தனக்குப் பின்னால் வரப்போகிறவனைப் படிக்க அனுப்பிவிட்டது! கல்லாவில் விழுந்த காசு மகமையாகி, மகமை பள்ளியாகி, பள்ளி பட்டதாரியாகி, பட்டதாரி பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டார். அப்பா திட்டமிட்டதே அதுதான். "நான் மூட்டை தூக்குனது போதும், நீ தூக்க வேண்டாம்" என்று மகனிடம் சொல்லாத கடைக்காரர் உண்டா? அந்த ஆசை நிறைவேறும்போது கடைக்கு வாரிசு இல்லாமல் போகிறது. ஒரு வகையில் பார்த்தால் கடை தோற்கவில்லை. தன் வேலையை முடித்துவிட்டது.

வெளியில் இருந்து வந்த அடிகள்

அந்த மற்றொரு பாதி உண்மையையும் பார்த்துவிடுவோம்.

முதலில் பாக்கெட் வந்தது. 1983-ல் கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் விற்க ஆரம்பித்தார். அவருடைய அப்பாவே அதற்கு முன்பு இந்தப் பாக்கெட் யோசனையைச் செய்து பார்த்தவர்தான். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஒரு தலைக்குளியலுக்கு ஷாம்பூ வாங்க முடிந்தது. கிராமத்துக் கடைகளின் முகமே மாறியது. வாசலில் சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்கின. வியாபாரம் கூடியது உண்மை. ஆனால் விலை பாக்கெட்டிலேயே அச்சாகி வந்துவிட்டது. எடை போட வேண்டாம், பொட்டலம் கட்ட வேண்டாம், பேரம் இல்லை, கொசுறு இல்லை. கடைக்காரரின் கைத்திறனுக்கு வேலை குறைந்தது.

அடுத்தது அரிசி. 2008-ல் ரேஷன் கடையில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்தது. 2011 ஜூன் 1 முதல் இலவசமாகவே கிடைத்தது. ஏழை வீடுகளில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே சமயம் மாதா மாதம் கடையில் அரிசி வாங்கியவர்களில் பலருக்கு அந்தத் தேவை குறைந்தது.

பிறகு பெரிய கம்பெனிகள். 2006-ல் ரிலையன்ஸ் காய்கறி, மளிகைக் கடைகளைத் திறக்க ஆரம்பித்தது. 2012-ல் மத்திய அரசு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அன்னிய முதலீட்டை அனுமதித்தபோது தமிழ்நாட்டு அரசு எதிர்த்தது, வணிகர் சங்கங்கள் கடையடைப்பு நடத்தின. 2016 நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. கடைசி விஷயத்தில் மட்டும் பழைய கடைக்காரருக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்திருக்கும். பேப்பர் பொட்டலம் கட்ட அவருக்கு மறந்திருக்காதே!

கடைசியாகக் காலியாவது எது?

ஒரு கடைக்காரர் கிளம்பத் தீர்மானித்தால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்துவார். அலமாரியில் இடைவெளி விழும். திண்டுக்கல் மொத்தக் கடையில் பாக்கியைத் தீர்ப்பார். இருக்கிற சரக்கை விலை குறைத்துத் தள்ளுவார். மரப்பெட்டியும் ஜாடியும் கேட்கிறவர்களுக்குப் போகும். தராசும் படிக்கற்களும் இரும்புக் கடைக்குப் போகும். (இப்போது பழைய பொருள் சேகரிப்பவர்கள் வந்து நல்ல விலைக்கே எடுத்துப் போகிறார்கள்.) கட்டடம் வாடகைக்குப் போகும்.

கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சும். கடன் நோட்டு.

அந்த நோட்டு வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. அதில் முழுப் பெயரே இருக்காது. "மேலத் தெரு டீச்சர்", "பால்காரர் தங்கச்சி", "தோட்டத்து அம்மா" என்று இருக்கும். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, வட்டி கிடையாது. சம்பளத் தேதிக்கு, ஆடு விற்ற அன்றைக்கு, மாங்காய்க் குத்தகைப் பணம் வந்த அன்றைக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. யார் வீட்டில் என்றைக்குப் பணம் வரும், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் குடித்துவிட்டு ஏமாற்றுவார், யார் செத்தாலும் பிள்ளைகள் வந்து கட்டிவிடுவார்கள் என்பதெல்லாம் கடைக்காரர் தலைக்குள் இருக்கும். எந்த வங்கியாலும் இந்தக் கணக்கை எழுத முடியாது. வங்கி கேட்பது ஆதார் அட்டை, சம்பளச் சீட்டு. கடைக்காரர் கேட்பது "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப பரவாயில்லையாம்மா?"

இதை ரொம்பவும் இனிப்பாகச் சொல்லவும் கூடாது. கடனுக்கு வாங்குகிறவர் விலை பேச முடியாது. பாக்கி இருக்கும் வரை வேறு கடைக்குப் போகவும் முடியாது. எடையில் கை வைத்த கடைக்காரர்களும் உண்டு, நோட்டில் ஒரு சைபரைக் கூட்டியவர்களும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதைக் கேட்கவும் முடியாது. சில ஊர்களில் கடைக்காரரே சாதி பார்த்துப் பொருளைத் தள்ளி வைத்துக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர்களும் தங்கள் கடை வாசலில் இன்னொருவரைத் தள்ளி நிறுத்தியிருந்தால், அதையும் இந்த வரலாற்றில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பில் எல்லோருக்கும் ஒன்றுதான். கூடையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அது ஒரு முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் 2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது என்ன ஆனது? வேலை இல்லை, சம்பளம் இல்லை, பஸ் இல்லை. கையில் காசு இருந்தவர்கள் போனில் ஆர்டர் போட்டார்கள். காசு இல்லாதவர்களுக்கு ரேஷன் கடைக்கு அடுத்தபடியாக இருந்தது தெருமுனைக் கடையின் நோட்டுதான். "எழுதிக்கங்கண்ணே, அப்புறம் தர்றேன்" என்ற ஒரு வாக்கியத்தை எந்த ஆப்பிலும் டைப் செய்ய முடியாது.

அதனால்தான் கிளம்பும் கடைக்காரருக்கு அந்த நோட்டு பெரிய தலைவலி. கடையை வேறொருவருக்கு விற்கலாம். நோட்டை விற்க முடியாது. புதிதாக வருகிறவருக்கு "தோட்டத்து அம்மா" யாரென்று தெரியாது, அந்த அம்மாவுக்கும் அவரைத் தெரியாது. சிலர் கடைசி மாதத்தில் வீடு வீடாகப் போய் வசூல் செய்வார்கள். சிலர் பாதியை விட்டுவிடுவார்கள். சிலர் நோட்டையே கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கிழித்தது தர்மமா, இயலாமையா? இரண்டுமாகத்தான் இருக்கும்.

பேட்டைச் சுவருக்குள் வண்டியோடு வந்து தங்கியவர்கள் ஒரு நூற்றாண்டில் பள்ளிக்கூடம், கல்லூரி, வங்கி என்று கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் படித்தார்கள், போனார்கள். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் கட்டிய எந்தக் கம்பெனியும், எந்த அரசாங்கத் திட்டமும் இன்னும் செய்யாத ஒரு வேலை மட்டும் பாக்கி நிற்கிறது. மாசக் கடைசியில் கையில் பத்து ரூபாய் இல்லாத ஒரு வீட்டுக்கு, முகத்தைப் பார்த்து ஒரு கிலோ பருப்பை எடுத்துக் கொடுக்கும் வேலை.

உங்கள் தெருவில் அப்படி ஒரு கடை இன்னும் திறந்திருந்தால், அடுத்த முறை போகும்போது அந்த நோட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முடிந்தால், அதில் உங்கள் வீட்டுப் பாக்கி எவ்வளவு என்று கேட்டு, கட்டிவிட்டு வாருங்கள். நாளைக்கு அவர் கடையைக் கட்டினால், அவர் கையில் மிஞ்சப் போவது அதுதான்.